செங்கோட்டைக்கு எதிரே செங்கோட்டைக்காரர்

தில்லிக்கு மாற்றலாகி வந்த தமிழ்க் குடும்பங்களில் சில வீட்டுப் பரணில் இன்னும் பழைய 78 இசைத்தட்டுகள் இருக்கும். தட்டு பத்திரமாக இருக்கும், அதை ஓட்டிய பெட்டிதான் எப்போதோ கபாடிவாலாவிடம் போயிருக்கும். எங்கள் வீட்டுக் கதையும் இதேதான். அதனால்தான் பழைய சாமான்களைக் கொண்டு ஒன்றை நாமே கட்டினால் என்ன என்று கிளம்புகிறார்கள் சிலர்.

அதற்கு இந்த ஊரை விட்டால் வேறு ஊர் இல்லை. செங்கோட்டைக்கு எதிரே இருக்கும் லாஜ்பத் ராய் மார்க்கெட், பிரிவினையில் அகதிகளாக வந்தவர்களுக்காக எழுந்த சந்தை. பிறகு மின்னணுச் சாமான்களின் கடலாகிவிட்டது. 2022 ஜனவரியில் தீ விபத்தில் பல கடைகள் எரிந்தும் சந்தை நிற்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. இசைத்தட்டைக் கொன்றதில் தில்லிக்குப் பெரிய பங்கு உண்டு. தரியாகஞ்சில் பழச்சாறுக் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்த குல்ஷன் குமார், 1983-ல் சூப்பர் கேசட்ஸ் தொடங்கி மலிவு கேசட்டை நாடெங்கும் பரப்பினார். அந்தக் காலத்து டேப்ரிகார்டரின் மோட்டார்தான் இன்று தட்டைச் சுற்றப் பயன்படுகிறது!

பல கேசட் மோட்டார்களின் வேகம் நிமிடத்துக்கு 2400 சுற்று. தட்டுக்கு வேண்டியது 78. 30 செ.மீ. அகலச் சுழல்தட்டின் விளிம்பைச் சுற்றி ரப்பர் பெல்ட் போட்டால், மோட்டாரில் சுமார் 9.75 மி.மீ. விட்டமுள்ள கப்பி போதும். 33⅓ வேண்டுமென்றால் 4.2 மி.மீ. அச்சுக்கு, கெட்டுப்போன வி.சி.ஆரின் உருளையிலுள்ள பியரிங் அருமையாகப் பொருந்தும். ஆட்டமே இருக்காது. அடிக்குக் கனமான கிரானைட் துண்டு.

ஊசியில் மட்டும் சமரசம் கூடாது. 78-ன் பள்ளம் அகலமானது, எல்பி ஊசியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமனான ஊசி வேண்டும். எல்பி ஊசியைப் போட்டால் பள்ளத்தின் அடியில் இடறி, இரைச்சலைத்தான் எடுக்கும். சாவி கொடுத்த கிராமபோனில் பாரமான எஃகு ஊசி, பக்கத்துக்கு ஒன்றாக மாற்றுவார்கள். இப்போதைய பிக்கப் சில கிராம் எடைதான் அழுத்தும், அதனால் அரக்குத் தட்டு தேயாது.

அடுத்தது வேகம். இங்கேதான் விஷயம் இருக்கிறது. எஸ்.ஜி.கிட்டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள் (எஸ் என்றால் செங்கோட்டை, தில்லிக் கோட்டை அல்ல, நம்ம ஊர்!). 1933-ல், 27 வயதில் போய்விட்டார். அவர் குரலுக்கு இன்று அந்தத் தட்டுகளே சாட்சி. உச்சஸ்தாயியில் சஞ்சரித்தார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மோட்டார் ஆறு சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். அவர் பாடாத சுருதியைக் கேட்டு நாம் வியந்துகொண்டிருப்போம்.

சரிபார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. வட்டக் காகிதத்தில் 77 கறுப்புக் கோடுகளைச் சம இடைவெளியில் வரைந்து தட்டின் மேல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே ஸ்விட்ச்போர்டு நியான் விளக்கு விநாடிக்கு 100 முறை மின்னும். அதன் வெளிச்சத்தில் கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் 77.92. முன்னே நகர்ந்தால் வேகம் அதிகம், பின்னே போனால் குறைவு. மோட்டாரின் பின்புறத் துளைக்குள் இருக்கும் சின்ன திருகைத் திருப்பிச் சரிசெய்யலாம். எல்.ஈ.டி. பல்பில் இது பலிக்காமல் போகலாம்.

இத்தனைக்கும் பிறகு ஒரு சிக்கல் பாக்கி. 1925-க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் பல சரியாக 78-ல் எடுக்கப்பட்டவை அல்ல, எழுபதுகளின் நடுவிலிருந்து எண்பதைத் தாண்டியும் இருக்கும். தட்டில் எழுதியிருப்பதும் எப்போதும் நம்பத்தக்கதல்ல. அங்கே காதுதான் கருவி. ஆர்மோனியத்தின் சுருதியோடு ஒப்பிட்டு முடிவு செய்து, கணினியில் ஏற்றும்போதே எந்த வேகத்தில் ஓட்டினீர்கள் என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவையுங்கள்.