வியன்னாவிலிருந்து எட்டியாந்தோட்டை வரை

எட்டியாந்தோட்டை போன்ற சப்ரகமுவ றப்பர் தோட்டப் பகுதிகளுக்குள் இடதுசாரி அரசியல் மலேரியாவோடுதான் நுழைந்தது. 1934-35இல் கேகாலை மாவட்டம் காய்ச்சலில் துடித்தபோது, ஏகாதிபத்திய எதிர்ப்புச் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் பருப்பும் சுமந்து ஊர் ஊராக நடந்தார்கள். அந்த வட்டத்திலிருந்தே 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. அடுத்த ஆண்டே என்.எம். பெரேரா ருவன்வெல்லவிலும், பிலிப் குணவர்தன அவிசாவளையிலும் வென்று அரசாங்க சபைக்குப் போனார்கள்.

இந்தக் கட்சியின் வேரைத் தேடினால் யூதப் பெயர்கள் எதிர்ப்படுகின்றன. லண்டனில் என்.எம்.முக்குப் பாடம் சொன்ன ஹரோல்ட் லஸ்கி, மான்செஸ்டர் யூதக் குடும்பத்துப் பிள்ளை. கட்சி ஆசானாக ஏற்ற ட்ரொட்ஸ்கி, உக்ரைன் யூத விவசாயி ஒருவரின் மகன். 1932இல் ஸ்டாலின் அவரது குடியுரிமையைப் பறித்திருந்தார். 1940 ஆகஸ்டில் மெக்சிகோவில் ட்ரொட்ஸ்கி கொல்லப்பட்டபோது, என்.எம்.மும் பிலிப்பும் இங்கே சிறையில் இருந்தார்கள்.

யூதர் சிலர் இலங்கைக்கு அகதிகளாகவும் வந்தார்கள். புடாபெஸ்டில் பிறந்த உளப்பகுப்பாய்வாளர் எடித் ஜோம்ரோய், 1919 ஹங்கேரியப் புரட்சியில் பங்கெடுத்தவர். கவிஞர் அட்டிலா யோசெஃபுக்குச் சிகிச்சை அளித்தவர். 1938இல் இலங்கைக்கு வந்து, பின்னர் பேராசிரியர் லுடோவைக்கை மணந்தார். 1947இல் எக்சத் காந்தா பெரமுன என்ற பெண்கள் முன்னணியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். வியன்னா யூதப் பெண் ஹெடி சைமன், கேம்பிரிட்ஜில் தத்துவவாதி விட்கென்ஸ்டைனின் வகுப்பில் இருந்தவர். இலங்கைக் கம்யூனிஸ்ட் பீட்டர் கெனமனை மணந்து 1940இல் இங்கு வந்து, கம்யூனிஸ்டுகளோடு வேலை செய்தார்.

இதை வைத்து ‘யூதச் சதி’ என்று எழுதுபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இலங்கைக் கதையே அதைப் பொய்யாக்குகிறது. ஹெடியின் கட்சியும் ட்ரொட்ஸ்கியின் சீடர்களும் அன்று அரசியல் பகைவர்கள். சமசமாஜிகள் ஸ்டாலின்வாதிகளைக் கட்சியைவிட்டு வெளியேற்றினார்கள். 1941க்குப் பிறகு கம்யூனிஸ்டுகள் உலகப் போரை ஆதரித்தார்கள், சமசமாஜிகள் எதிர்த்தார்கள். ஹிட்லர் வீட்டைப் பறித்ததும் ஸ்டாலின் நாட்டைப் பறித்ததும் இந்த யூதர்களில் சிலருக்கு நேர்ந்தவை. இனத்தை மீறிய அரசியலின் தேவையை உணர அதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

இந்தக் கதை நமது தோட்டங்களைத் தொடும் இடமும் அந்த நாடு பறிப்புதான். 1948 குடியுரிமைச் சட்டம், பால் வெட்டியும் கொழுந்து பறித்தும் தலைமுறைகளாக லயத்தில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. அதைப் பாராளுமன்றத்தில் எதிர்த்து நின்றவர்களில் இடதுசாரிகளும் உண்டு. அன்று அவர்கள் பேசியது சரியாகவே இருந்தது என்பேன்.

ஆனால் 1964 ஜூனில் என்.எம். பிரதமர் சிறிமாவோவின் நிதியமைச்சரானார். போலந்து யூதப் பெற்றோருக்குப் பிறந்த ஏர்னெஸ்ட் மண்டேல் தலைவர்களில் ஒருவராக இருந்த, ட்ரொட்ஸ்கியவாதிகளின் உலக அமைப்பான நான்காம் அகிலம், கூட்டரசாங்கத்தில் சேர்ந்தவர்களை வெளியேற்றியது. எட்மண்ட் சமரக்கொடியும் பாலா தம்புவும் பிரிந்து போனார்கள். அக்டோபர் 30இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது: அந்த நாடற்றவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மீதி 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்வதற்கு. அந்த அமைச்சரவையில்தான் சமசமாஜிகள் அமர்ந்திருந்தார்கள்.