நகரவாசி யார்?
ஐக்கிய அமெரிக்காவின் மாநில, நகர வருமான வரிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நம் நாட்டு மாநகரசபைகளுக்குக் கைவந்த வரி சோலைவரியே. 1932இல் இலங்கையில் அறிமுகமான வருமான வரியோ தொடக்கந்தொட்டே மத்திய அரசாங்கத்துக்குரியதாயிற்று. ஆதலின், ஒரே சம்பளத்துக்கு மத்திய அரசு, மாநிலம், நகரம் என முத்திறத்தார்க்கும் வரியிறுக்கும் அமெரிக்க முறை நமக்கு விந்தையாகத் தோன்றலாம். அம்முறையின் வரலாற்றை நோக்குமிடத்து, வரி எவ்வளவு என்பதினும் அதனை இறுக்கவேண்டிய 'வாசி' யார் என்பதே ஓயாத வழக்காக இருந்து வந்துள்ளமை புலனாகும்.

மத்திய அரசின் வருமான வரிக்கு வழிவகுத்த 16ஆவது யாப்புத் திருத்தம் 1913இல் நிறைவேறியது. அதற்கு இரண்டாண்டு முன்னரே விஸ்கொன்சின் மாநிலம் இவ்வரியை வெற்றிகரமாக விதித்துவிட்டது. முன்னைய மாநில முயற்சிகள் உள்ளூர் மதிப்பீட்டாளரின் தயவில் விடப்பட்டுத் தளர்ந்தன. விஸ்கொன்சினோ அப்பணியை மாநில வரி ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. ஆயினும் வருவாயில் நூற்றுக்கு 70 பங்கு வரியிறுப்போரின் ஊருக்கே திரும்பியது. 20 மாவட்டத்துக்கும் 10 மாத்திரமே மாநிலத்துக்கும் சென்றன.

1919இல் நியூயோர்க் மாநிலம் இவ்வழியைப் பின்பற்றியபோதே சிக்கல் எழுந்தது. தன் வாசிகளுக்கு அளித்த தனியாள் விலக்கை, வெளிமாநிலத்திலிருந்து வந்து உழைப்போர்க்கு அது மறுத்தது. அங்கு ஈட்டிய வருமானத்துக்கு வெளியாரும் வரியிறுக்கலாம். ஆனால் அவரை வேறுபடுத்தி நடத்தலாகாது என 1920இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்தது.

நகரங்கள் பின்னரே இக்களத்திற் புகுந்தன. பிலடெல்பியா 1939இல் சட்டமியற்றி, மறு ஆண்டு முதல் வாசியிடமும் வந்துபோவோரிடமும் ஒருங்கே 1.5 வீதம் அறவிட்டது. 1966இல் நியூயோர்க் நகரம், வாசிகளுக்கு வருமானத்துக்கேற்ப ஏறும் வரியையும், நாள்தோறும் வந்து தொழில் செய்வோர்க்கு மிகக் குறைந்த வரியையும் விதித்தது. பிற்றை நாளில் வந்துபோவோர் இறுத்தது சம்பளத்தில் 0.45 வீதமே. நகரின் தெருவையும் பொலிசையும் பயன்படுத்துவோர் ஒரு சிறு பங்கு தருவது நியாயமே எனக் கருதுகிறேன். வாக்கில்லாதவனிடம் வரி கேட்கலாமா என்ற மறுவாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

எனினும் நிகழ்ந்தது வேறு. நகரின் வருமான வரியை ஆக்கவும் நீக்கவும் வல்லது மாநிலச் சட்டசபையே. புறநகர்த் தொகுதியொன்றின் செனற் இடைத்தேர்தல் நெருங்கிய 1999இல், புறநகர் வாக்கை நாடிய இரு கட்சிகளும் அம்மாநிலத்தவர்க்கு மட்டும் அச்சிறு வரியை நீக்கின. நகரசபையின் எதிர்ப்பு எடுபடவில்லை. நியூ ஜேர்சி, கனெக்ரிக்கட் மக்கள் தொடர்ந்தும் இறுக்கவேண்டும் என்பதே சட்டத்தின் கருத்து. அவர்கட்கோ நியூயோர்க்கில் எந்த மன்றத்துக்கும் வாக்கில்லை. 1920இன் நெறியையொட்டி, இப்பாகுபாடு யாப்புக்கு முரணானதென மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் தீர்க்கவே, வந்துபோவோர் வரி முற்றாக ஒழிந்தது. வாக்குடையோரை வாக்கு விடுவித்தது. வாக்கற்றோரை யாப்பு விடுவித்தது. சுமை நகரவாசிமேல் நின்றது.

இன்று நகரவாசி 3.876 வீதம் வரை இறுக்க, எல்லைக்கு அப்பால் உறங்கி நகரிற் சம்பளம் பெறுபவர் நகருக்கு வருமான வரி எதுவும் இறுப்பதில்லை. ஆதலாற் செல்வர் சிலர் நாட்களை எண்ணி வாழ்கின்றனர். நிலையான வதிவிடத்தை வெளியே கொண்டிருப்பினும், நகரில் நிரந்தர வீடொன்று வைத்து ஆண்டில் 183 நாளுக்கு மேல் தங்கினால் அவரும் வாசியே. பகலில் ஒரு பொழுது நின்றாலும் பொதுவாக அது முழுநாளாகவே கணிக்கப்படும்.