4,300 இலக்கத்துக்கு மேல் போனால் 'எரர்': பைத்தான் 3.11 வெளியாகும் முன் நடந்த கடைசி நேர மாற்றம் ஏன்?

பிளஸ் 2 கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் முதல் பெரிய ஐ.டி. நிறுவனங்கள் வரை பயன்படுத்தும் புரோகிராமிங் மொழி பைத்தான். இதன் 3.11 பதிப்பு 2022 அக்டோபர் 24-ம் தேதி வெளியானது. ஆனா, அதற்கு முந்தைய மாதமே, சோதனைப் பதிப்பில் ஒரு முக்கியமான பாதுகாப்புத் திருத்தம் சேர்க்கப்பட்டது. அது என்ன? சிம்பிளா பார்க்கலாம்.

வெளியீட்டுக்கு முந்தைய பதிப்பு என்றால் என்ன?

பைத்தானின் புதிய பதிப்பு நேரடியாக வந்துவிடாது. முதலில் ஆல்ஃபா, அடுத்து பீட்டா, கடைசியாக 'ரிலீஸ் கேண்டிடேட்'. பீட்டா தொடங்கியதுமே புதிய வசதிகளுக்குக் கதவு மூடப்படும். ரிலீஸ் கேண்டிடேட் என்பது கிட்டத்தட்ட முழுமையான பதிப்பு. அந்தக் கட்டத்தில் பிழைத் திருத்தங்களுக்கு மட்டுமே அனுமதி.

3.11-ன் இரண்டாவது ரிலீஸ் கேண்டிடேட், 2022 செப்டம்பரில் வந்தது. அதில்தான் இந்த மாற்றமும் வந்தது.

பிரச்னை என்ன?

நாம் டைப் செய்யும் எண், கம்ப்யூட்டருக்கு முதலில் வெறும் எழுத்துகள்தான். அதைக் கணக்குப் போடக்கூடிய எண்ணாக மாற்ற வேண்டும். எண் சின்னதாக இருந்தால் நொடியில் முடிந்துவிடும். பெரிதாகப் பெரிதாகத்தான் சிக்கல். இலக்கங்கள் 2 மடங்கானால், நேரம் சுமார் 4 மடங்காகும். 10 மடங்கானால், சுமார் 100 மடங்கு!

5 லட்சம் இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணை மாற்ற, வேகமான கம்ப்யூட்டருக்கே ஒரு நொடிக்கு மேல் ஆகலாம் என்கிறது பைத்தான் ஆவணம். ஒரு நொடிதானே என்று தோன்றலாம். ஆனால் 5 லட்சம் இலக்கம் என்பது சுமார் அரை எம்.பி. டேட்டா மட்டுமே. நம் போனில் எடுக்கும் ஒரு போட்டோவே பெரும்பாலும் அதைவிடப் பெரியது. இப்படிப்பட்ட எண்களை ஒருவர் தொடர்ந்து ஒரு இணையதளத்துக்கு அனுப்பினால், சர்வர் அதிலேயே மாட்டிக்கொள்ளும். மற்றவர்களுக்குத் தளம் திறக்காது. பாஸ்வேர்டு திருட்டு இல்லை, தகவல் கசிவு இல்லை. ஆனால் சேவை முடங்கும். இதைத்தான் 'சேவை மறுப்புத் தாக்குதல்' என்கிறார்கள்.

என்ன செய்தார்கள்?

எல்லை போட்டார்கள். எழுத்திலிருந்து எண்ணாகவோ, எண்ணிலிருந்து எழுத்தாகவோ மாற்றும்போது 4,300 இலக்கங்களைத் தாண்டினால், பைத்தான் வேலையை நிறுத்தி 'வேல்யூ எரர்' காட்டும்.

இந்தக் குறைபாட்டின் அடையாள எண் சி.வி.இ-2020-10735. எண்ணிலேயே 2020 இருக்கிறது. திருத்தம் வந்ததோ 2022-ல்! சோதனைப் பதிப்புக்கு மட்டுமல்ல, 3.7 முதல் 3.10 வரை அப்போது புழக்கத்தில் இருந்த பழைய பதிப்புகளுக்கும் அதே மாதம் இந்தத் திருத்தம் தரப்பட்டது.

யாருக்குப் பாதிப்பு?

கணித ஆய்வாளர்கள் போன்ற, மிகப்பெரிய எண்களோடு வேலை செய்பவர்களுக்கு. உதாரணமாக, 2-ஐ ஒரு லட்சம் முறை பெருக்கினால் கிடைப்பது 30,103 இலக்க எண். கணக்குப் போடுவதில் இப்போதும் தடை இல்லை. ஆனால் அதை அப்படியே பிரின்ட் செய்தால் எரர் வரும். நேற்று வரை ஓடிய புரோகிராம், அப்டேட் செய்ததும் நின்றால் கோபம் வரத்தானே செய்யும்? அதனால் விமர்சனங்களும் எழுந்தன.

தீர்வு உண்டா?

உண்டு. இந்த எல்லையை கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் 640-க்குக் கீழே வைக்க முடியாது. 0 என்று கொடுத்தால் எல்லையே இருக்காது. 2, 4, 8, 16, 32 ஆகிய அடிமான முறைகளில் மாற்றினால் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. காரணம், அந்த மாற்றம் கம்ப்யூட்டருக்கு எளிது.

நாம் கவனிக்க வேண்டியது

* பொதுமக்கள் பயன்படுத்தும் இணையதளத்தில் இந்த எல்லையை நீக்க வேண்டாம்.
* சோதனைப் பதிப்பை முயன்று பார்க்கலாம். நிஜ சேவையை அதில் ஓட்டக் கூடாது.
* ரிலீஸ் கேண்டிடேட் வந்ததும் உங்கள் புரோகிராமை அதில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எங்கே உடைகிறது என்பது வெளியீட்டுக்கு முன்பே தெரிந்துவிடும்.