தினு லிப்பாத்தியின் இறுதி அரங்கு

கவிஞன் மறைந்த பின்னும் அவன் சொல் ஏட்டில் நிற்கிறது. இசைக்கலைஞனின் கலையோ அவன் விரலோடு போய்விடுகிறது. பெரும்பாணாற்றுப்படை யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாக வருணிக்கின்றது. அந்த யாழ் எழுப்பிய ஒலி நமக்குக் கிட்டவில்லை. ஐரோப்பியப் பியானோ வரலாற்றிலும் இவ்விழப்பு உண்டு. 1849இல் மறைந்த ஷோப்பானும், 1886இல் மறைந்த லிஸ்ட்டும், 1896இல் மறைந்த கிளாரா ஷூமனும் எவ்வாறு வாசித்தனர் என்பதைக் கேட்டவர்கள் எழுதிவைத்த சொற்களைக் கொண்டே உய்த்துணர வேண்டியுள்ளது.

ஒலிப்பதிவு வளர்ந்த பின்னர் நிலை மாறியது. ஆர்தர் ஷ்னாபெல் பேத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் 1932 முதல் 1935 வரை லண்டனில் முதன்முறையாக முழுமையாகப் பதிவு செய்தார். பக்கத்திற்குச் சில நிமிடங்களே கொள்ளும் தட்டுகள் அவை. விரல் தவறிய இடங்களும் அவற்றில் உள. ஆல்பிரட் கோர்த்தோவின் தட்டுகளில் இன்னும் மிகுதி. ஆயினும் இசையறிந்தோர் அவற்றை இன்றும் தேடிக் கேட்கின்றனர்.

அந்தக் கோர்த்தோவின் மாணவரே தினு லிப்பாத்தி. 1917இல் புக்கரெஸ்ட் நகரில் பிறந்தவர். 1933இல் வியன்னாவில் நடந்த போட்டியில் அவருக்கு இரண்டாம் பரிசே கிடைத்தது. நடுவர் குழுவிலிருந்த கோர்த்தோ அதனை ஏற்காது குழுவிலிருந்தே விலகினார். பின்னர் பாரிசில் அவருக்கு ஆசிரியருமானார்.

நிணநீர் மண்டலத்தைத் தாக்கும் ஹாட்ஜ்கின் நோய் லிப்பாத்தியை இளமையிலேயே பற்றியது. அந்நாளில் புதிதாக வந்த கார்ட்டிசோன் மருந்து 1950 கோடையில் சிறிது வலிமை தந்தது. அந்த இடைவெளியில், ஜூலையில், ஜெனீவாவில் ஷோப்பானின் வால்ட்ஸ் நடன இசைகள் பதினான்கினையும் வேறு சிலவற்றையும் பதிவு செய்தார். செப்டம்பர் 16 அன்று பிரான்சின் பெசான்சோன் நகரில் அரங்கு. மருத்துவர் தடுத்தும், கொடுத்த வாக்கை மீற அவர் இசையவில்லை.

தொடக்கத்தில் பியானோவைத் தொட்டுப் பார்ப்பதுபோலச் சில சுரங்களை ஓட்டிவிட்டுப் பாக்கின் முதலாம் பார்ட்டிட்டாவுக்குள் நுழைகிறார். பதிவில் அதுவும் கேட்கிறது. அடுத்து மொசார்ட்டின் ஏ மைனர் சொனாட்டா, ஷூபர்ட்டின் இரு சிறு பியானோ இசைகள். பிறகு ஷோப்பானின் நடன இசைகள். பதின்மூன்று முடிந்தன. பதினான்காவதற்கு உடலில் வலுவில்லை. டிசம்பர் 2 அன்று ஜெனீவாவில் தம் 33ஆம் அகவையில் மறைந்தார்.

இக்கதையை அறிந்துகொண்டு அப்பதிவை முதன்முறை கேட்டபோது யான் கண்ணீர் விட்டேன். அக்கண்ணீர் இசைக்கா, இறப்புக்கா என்ற ஐயம் பின்னரே எழுந்தது. இளமையில் மறைந்த கலைஞரிடத்து நாம் இத்தவற்றைச் செய்கிறோம். முப்பத்தொன்பது அகவை நிறையுமுன் மறைந்த பாரதியின் இறுதிக்காலப் பாடல்களை, அவர் முடிவை மனத்தில் வைத்தே படித்து உருகும் திறனாய்வுகள் எத்தனை! நம் வட்டத்துக் கவிஞர்கள் என்னைப் பொறுத்தருள்க. இரக்கம் ரசனை ஆகாது.

ஆகவே மொசார்ட் சொனாட்டாவை மட்டும் தனியே எடுத்துப் பன்முறை கேட்டேன். முதற்பகுதியில் இடக்கை ஒரே கோவையை ஓயாது தட்டி நிற்க, வலக்கை அதன்மேல் நடக்கிறது. நோயாளியின் தளர்ச்சி அங்கே இல்லை. வேகம் குலையவில்லை, எந்தச் சுரமும் தன்னை இரங்கிக் கேள் என்று வேண்டவில்லை. ஜூலைப் பதிவு இதனினும் துல்லியமானது என்பதை மறுக்க இயலாது. எனினும் அரங்கில் எழுந்த அந்த விரைவும் துணிவும் பதிவுக்கூடத்தில் அவ்வளவாக எழவில்லை என்பதே என் துணிபு. அவர் நலமுடன் இருந்து வாசித்திருப்பினும் இவ்வாறே சொல்வேன்.

விடுபட்ட பதினான்காவது இசை ஜூலைப் பதிவில் உள்ளது, வேண்டுவோர் கேட்கலாம். பெசான்சோனில் அதற்கு ஈடாக அவர் வாசித்தது பாக்கின் தேவாலயப் பாடல் ஒன்றை. பியானோவுக்கு அதனை அமைத்தவர் மைரா ஹெஸ். 1939 முதல் 1946 வரை, போர் சூழ்ந்த லண்டனில், ஓவியங்கள் அகற்றப்பட்ட தேசிய ஓவியக்கூடத்தில் நண்பகல் அரங்குகளை நடத்திய பெண்மணி. அவையோர் அன்று கேட்ட அந்தக் கடைசி வாசிப்பு வெளிவந்த இசைத்தட்டில் இல்லை. பதின்மூன்றாவது நடன இசையோடு தட்டு நின்றுவிடுகிறது.