மலபார் கடற்பயிற்சி

இந்திய, அமெரிக்க, ஜப்பானிய, ஆஸ்திரேலியக் கடற்படைகள் ஆண்டுதோறும் சேர்ந்து நடத்தும் போர் ஒத்திகை. யாருக்கு அழைப்பு, யாருக்கு இல்லை என்பதைக் கடற்படையைவிட டெல்லி அரசியலே பெரும்பாலும் முடிவு செய்திருக்கிறது.

1992இல் இந்தியாவும் அமெரிக்காவும் மட்டும் தொடங்கின. சோவியத் யூனியன் கலைந்த மறு ஆண்டு அது. மாஸ்கோவிடம் கப்பல் வாங்கிப் பழகிய இந்தியக் கடற்படைக்கு அமெரிக்கர்களோடு சேர்ந்து ஓடுவதே புது அனுபவம். 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பின் வாஷிங்டன் பயிற்சியை நிறுத்தியது. 2002இல் மீண்டும் தொடங்கியது.

2007 செப்டம்பரில் ஜப்பான், ஆஸ்திரேலியா, சிங்கப்பூரும் சேர, வங்கக் கடலில் ஐந்து நாட்டுக் கப்பல்கள் திரண்டன. சீனா இதை ரசிக்கவில்லை. உள்நாட்டிலும் எதிர்ப்பு: மன்மோகன் சிங் அரசைத் தாங்கிநின்ற இடதுசாரிக் கட்சிகளே சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்துக்குப் பிரசாரப் பயணம் கிளம்பின. அடுத்த ஆண்டு பயிற்சி பழையபடி இரு நாட்டோடு நின்றது.

சென்னைக் கடல் 2015இலும் 2017இலும் களமானது. 2017 ஜூலையில் டோக்லாமில் இந்திய, சீனப் படைகள் எதிரெதிரே நின்றுகொண்டிருந்தன. அதே நாட்களில் இங்கே இந்திய விமானந்தாங்கிக் கப்பல் விக்ரமாதித்யா, அமெரிக்க விமானந்தாங்கி நிமிட்ஸ், ஜப்பானின் ஹெலிகாப்டர் தாங்கி இசுமோ மூன்றும் சேர்ந்து ஓடின. தற்செயல் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

வழக்கமாக முதல் சில நாள் துறைமுகத்தில் பேச்சும் திட்டமும், பிறகு கடல். பயிற்சியின் உயிர் நீர்மூழ்கி வேட்டைதான். அரக்கோணம் ராஜாளி தளத்தைச் சேர்ந்த பி-8ஐ போன்ற விமானங்கள் ஒலியுணர் மிதவைகளைக் கடலில் போட்டு, அடியில் பதுங்கியிருக்கும் நீர்மூழ்கியைத் தேடும். பார்க்கச் சாதாரணமாகத் தோன்றினாலும், ஓடிக்கொண்டே எண்ணெய் நிரப்புவது இன்னும் கடினம்: இரண்டு கப்பல்கள் பக்கம் பக்கமாக ஒரே வேகத்தில் போகும், ஒன்றிலிருந்து மற்றதற்குக் கயிறு எறிந்து, அதன் வழியே குழாயை இழுப்பார்கள். மாலுமி சற்று அசந்தால் மோதல்தான்.

ஜப்பான் 2015 முதல் நிரந்தர உறுப்பினர். கல்வானில் இந்திய, சீனப் படைகள் மோதிக்கொண்ட 2020இல் ஆஸ்திரேலியா பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் திரும்பியது. கொரோனா காலமென்பதால் அந்த முறை மாலுமிகள் ஒருவரையொருவர் நேரில் சந்திக்காமல், எல்லாம் கடலிலேயே முடிந்தது. 2023இல் சிட்னி அருகே ஆஸ்திரேலியா முதன்முறையாக நடத்தியது. 2024இல் பயிற்சி விசாகப்பட்டினத்துக்கு வந்தது.