ஒரு பாய்லர், இரண்டு தண்ணீர்

இங்கிலாந்துக்கு ஆன்சைட் போன நம்மவர்கள் எல்லோரும் முதல் வாரமே கேட்கும் கேள்வி: வாஷ்பேசின்ல எதுக்குய்யா ரெண்டு குழாய்? ஒன்றில் கை வெந்துபோகும், இன்னொன்றில் விறைத்துப்போகும்.

நான் குடியிருந்த வீட்டில் இன்னொரு வினோதமும் உண்டு. பாய்லர் டைமரில் 'வெந்நீர் மட்டும்' வைக்கலாம், 'வெந்நீரும் ஹீட்டிங்கும்' வைக்கலாம், அணைக்கலாம். 'ஹீட்டிங் மட்டும்' வைக்க வழியே இல்லை. இரண்டு பிட்டுக்கு நாலு நிலை வரணும், இங்கே மூணுதான். நம்ம தொழிலில் இதுக்குப் பேர் பக். காரணம் தேடிப் போனதில், அது நிலக்கரி அடுப்பில் கொண்டுபோய் விட்டது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அங்கே பல வீடுகளில் கூடத்துக் கணப்புதான் எல்லாம். நெருப்புக்குப் பின்னால் தண்ணீர் நிரம்பிய ஓர் உலோகப் பெட்டி இருக்கும். அதுதான் பேக் பாய்லர். சூடான நீர் லேசாகி, தானே மாடியிலுள்ள செம்பு சிலிண்டருக்கு ஏறும். ஆறிய நீர் கீழே இறங்கும். பம்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். சிலிண்டருக்குத் தண்ணீர் பரணிலிருக்கும் தொட்டியிலிருந்து வரும்.

ரெண்டு குழாய்க்கு விடை இங்கேயே இருக்கு. குளிர்ந்த நீர் தெருக் குழாயிலிருந்து நேராக வருவது, குடிக்கலாம். வெந்நீர், தூசியும் பூச்சியும் விழக்கூடிய பரண் தொட்டி வழியாக வருவது. தெருவில் அழுத்தம் குறையும்போது தொட்டித் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பிவிடக் கூடாது. அதனால் இரண்டும் குழாய்க்குள்ளேயே கலப்பதைத் தண்ணீர் விதிகள் அனுமதிக்கவில்லை.

(நாம 'கீசர்'னு சொல்றோமே, அதுவும் அந்த ஊர்ச் சரக்குதான். 1868ல் லண்டனில் பெஞ்சமின் மாகன், கேஸில் வெந்நீர் போடும் தன் கருவிக்கு ஐஸ்லாந்து வெந்நீர் ஊற்றின் பெயரை வைத்தார்.)

இந்தப் பழைய அமைப்பில் நெருப்பில் சூடான அதே தண்ணீர்தான் குழாயில் வரும். அதில் ரேடியேட்டரைக் கோர்த்தால், நாளும் புதுத் தண்ணீர் கொண்டுவரும் ஆக்சிஜன் இரும்பை அரித்துவிடும், சுண்ணாம்பு படியும். இதற்கான தீர்வுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சிலிண்டருக்குள் ஒரு சுருள் குழாயை வைத்தார்கள். பாய்லர் நீர் சுருளுக்குள் ஓடி, வெளியே நிற்கும் நீருக்குச் சூட்டை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பும். ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது. முதல் குளிர்காலத்தில் ரேடியேட்டரில் காற்று எடுக்கும்போது மை மாதிரி கறுப்பாகத் தண்ணீர் வந்தது. இதிலேயா குளிக்கிறோம் என்று பயந்துவிட்டேன். அது வருஷக்கணக்காக உள்ளேயே சுற்றும் தண்ணீர்.

1965ல் வட கடலில் எரிவாயு கிடைத்தது. 1967 முதல் 1977 வரை வீடு வீடாகப் போய் ஏறத்தாழ 4 கோடி அடுப்புகளையும் ஹீட்டர்களையும் புது வாயுவுக்கு மாற்றினார்கள். அதோடு ரேடியேட்டர்களும் பரவின. ரேடியேட்டருக்குப் பம்ப் வைத்தவர்கள், சிலிண்டருக்குப் போகும் பழைய பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள். பாய்லர் எரிந்தால் அந்த வெந்நீர் தானாக மேலே ஏறும், தடுக்க வால்வு இல்லை. என் டைமரில் காணாமல் போன நாலாவது நிலை இதுதான்! மோட்டார் வால்வு வந்த பிறகுதான் இரண்டையும் தனித்தனியாக அடக்க முடிந்தது.

பிறகு கோம்பி பாய்லர் வந்தது. சிலிண்டரும் வேண்டாம், பரண் தொட்டியும் வேண்டாம், குழாயைத் திறந்ததும் அந்த நொடியிலேயே சூடாக்கித் தரும். கணக்குப் போட்டுப் பாருங்க: நிமிஷத்துக்கு 10 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி உயர்த்த ஏறக்குறைய 24 கிலோவாட் வேண்டும். நடுத்தர வீட்டைக் குளிரில் கதகதப்பாக வைக்க அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஆக, பத்து நிமிஷக் குளியலுக்காகத்தான் அவ்வளவு பெரிய பாய்லர். குளிக்கும்போது ரேடியேட்டருக்குச் சூடு நின்றுபோவதும் பழுதில்லை, ஷவருக்கு முன்னுரிமை.

சிலிண்டர் என்பது ஒரு பஃபர்தான். சின்ன நெருப்பு மெதுவாக நிரப்பும், நாம் வேகமாகக் காலி செய்வோம். பஃபரைத் தூக்கினால் பீக் லோடை நேராகத் தாங்கணும். இப்போது கேஸை விட்டு ஹீட் பம்புக்கு மாறச் சொல்லி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7,500 பவுண்ட் வரை மானியம் தருகிறார்கள். ஹீட் பம்ப் வீட்டைச் சூடாக்கும், ஆனால் கேட்ட நொடியில் 24 கிலோவாட் தராது. மறுபடியும் சிலிண்டர் வேண்டும்.

அங்கேயே வீடு வாங்கிய நண்பர், சிலிண்டர் இருந்த அலமாரியை இடித்துப் பாத்ரூமைப் பெரிதாக்கியிருந்தார். ஹீட் பம்புக்கு அளவெடுக்க வந்தவர் முதலில் கேட்டது அந்த அலமாரியைத்தான்.