சொற்கள் குடிபெயர்ந்த கதை

புதிய தொழில் ஒன்று பிறக்கும்போது அதற்கு உடனடியாகச் சொற்கள் வேண்டியிருக்கின்றன. புத்தம் புதிதாகச் சொல் படைக்க யாருக்கு அவகாசம் இருக்கிறது? புதுக் குடித்தனம் வைக்கிறவர்கள் அடுத்த வீட்டில் அரிவாள்மணை கடன் கேட்பதைப் போல, புதிய தொழிலும் பழைய தொழிலிடம் சொற்களைக் கடன் கேட்கிறது. இங்கிலாந்தில் ரயில் ஓடத் தொடங்கியபோது 'கோச்' என்ற சொல்லும் 'கார்ட்' என்ற சொல்லும் தபால் குதிரை வண்டியிலிருந்துதான் இறங்கி வந்து ரயிலில் ஏறிக்கொண்டன. குதிரைகள் போய்விட்டன, சொற்கள் நிலைத்துவிட்டன.

இணையதளங்களை நடத்துகிறவர்களின் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவுதான் வருகிறது. என் கட்டுரைகளை வாங்கித் தளத்தில் ஏற்றுகிற இளைஞர் ஒருவர் இருக்கிறார். "டிராஃப்ட்டில் இருக்கிறது, நாளைக்குப் பப்ளிஷ் செய்துவிடுகிறேன், டேக் போட்டாகிவிட்டது, லிங்க் அனுப்புகிறேன், பழையதே தெரிந்தால் கேஷை அழித்துவிட்டுப் பாருங்கள்" என்று ஒரே மூச்சில் சொல்லுவார். அவருக்கு அவை வெறும் பொத்தான்களின் பெயர்கள். எனக்கோ ஒவ்வொரு சொல்லின் பின்னாலும் ஒரு பட்டறையும், அதில் வேலை செய்த மனிதர்களும் தெரிகிறார்கள். எழுதுகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் இந்தச் சொற்களில் கொஞ்சம் நஷ்டமும் லாபமும் அடங்கியிருப்பதால், அவற்றின் பூர்வோத்தரத்தை விசாரிப்பதில் பிழையில்லை.

பாதிச் சொற்கள் அச்சுக்கூடத்துச் சொற்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தை 'அப்பர் கேஸ்' என்றும் சிறிய எழுத்தை 'லோயர் கேஸ்' என்றும் சொல்கிறார்களே, அந்தக் 'கேஸ்' என்பது அச்சுக் கோப்பவரின் எதிரே இருந்த மரப்பெட்டி. மேல் பெட்டியில் பெரிய எழுத்துக்கள். கை எட்டும் கீழ்ப் பெட்டியில், அடிக்கடி வேண்டியிருக்கும் சிறிய எழுத்துக்கள். 'ஃபான்ட்' என்ற சொல்லுக்கு மூலம் உருக்கி வார்த்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். இன்று ஈயமும் இல்லை, உலையும் இல்லை. 'கட்', 'பேஸ்ட்' என்பவை பத்திரிகை ஆபீஸில் கத்தரிக்கோலும் பசைக் கிண்ணமும் இருந்த காலத்தை நினைவூட்டுபவை. அந்த வேலையைக் கம்ப்யூட்டர் திரைக்குக் கொண்டு வந்தவர்கள் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும். கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சி நிலையத்தில், 1970-களின் நடுப்பகுதியில், புத்தகப் பதிப்பாளர்களுக்காக அவர்கள் செய்த வேலை அது.

'டிராஃப்ட்' என்பதற்கு வேர், கோடு இழுத்தல். நாம் 'வரைவு' என்கிறோம்; நம் சொல்லிலும் அதே கோடுதான் இருக்கிறது. 'பப்ளிஷ்' என்பது ஊரார் அறியச் செய்தல் என்ற லத்தீன் பொருளிலிருந்து வந்தது. வரைவு என்னுடையது, வெளியிட்டது ஊருடையது. இந்த வேற்றுமையை மறந்துவிடாதீர்கள். பின்னால் இது தேவைப்படும்.

இனி 'டேக்' என்பதைப் பார்ப்போம். அக்காலத்தில் கையெழுத்துப் பிரதி அச்சுக்குப் போகுமுன் பத்திரிகை ஆசிரியர் அதன் ஓரத்தில் குறிப்புகள் எழுதுவார்: 'இது தலைப்பு, பெரிய எழுத்து', 'இங்கே சாய்வெழுத்து', 'இங்கே புதுப் பாரா'. இதற்கு 'மார்க்-அப்' என்று பெயர். 1969-ல் ஐ.பி.எம். கம்பெனியில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி என்ற மூவர் வக்கீல் ஆபீஸ்களின் பத்திரங்களைக் கம்ப்யூட்டரில் வைக்க வழி தேடிக்கொண்டிருந்தார்கள். கோல்ட்ஃபார்ப் சட்டம் படித்தவர். பத்திரத்தைத் திருத்த ஒரு நிரல், தேட ஒன்று, அச்சிட மற்றொன்று. ஒன்றின் பாஷை மற்றொன்றுக்குப் புரியவில்லை. ஆகவே, 'இதைப் பெரிய எழுத்தில் போடு' என்று ஆணை எழுதுவதை விட்டுவிட்டு, 'இது தலைப்பு', 'இது பாரா' என்று இனத்தை மட்டும் சொல்லும் சீட்டுக்களை ஒட்டினார்கள். எப்படி அச்சிடுவது என்பது அச்சிடுகிறவன் பாடு. அந்தக் குறிமொழிக்கு ஜி.எம்.எல். என்று பெயர். மூவரின் பெயர் முதலெழுத்துக்களும் அவைதான் என்பது தற்செயல் அல்ல. கோல்ட்ஃபார்ப்பே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார். எழுத்தாளர்களுக்கு மட்டுமா பெயராசை!

அதன் வாரிசு 1986-ல் சர்வதேசத் தரமாயிற்று. அதைப் பார்த்துத்தான் இணையப் பக்கங்களுக்குரிய எச்.டி.எம்.எல். பிறந்தது. 1991-ல் அதன் முதல் விவரணையில் இருந்தவை 18 குறிகள். தெருவோர அச்சகத்தில் பென்சிலால் ஓரத்தில் கிறுக்கிய 'இது தலைப்பு' என்ற குறிப்பு இன்று கோடிக்கணக்கான பக்கங்களுக்குள் ஒளிந்திருந்து வேலை செய்கிறது. நல்ல ஆசிரியரும் அப்படித்தானே? அவர் கை பட்டிருப்பது வாசகருக்குத் தெரியாது.

'லிங்க்' என்ற சொல்லின் கதை இன்னும் ரசமானது. சங்கிலியின் ஒரு வளையம் என்பது அதன் நேர்ப்பொருள். அமெரிக்காவில் யுத்த கால விஞ்ஞான வேலைகளை நிர்வகித்த வன்னேவார் புஷ் 1945 ஜூலையில் 'அட்லாண்டிக்' மாதப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். புத்தகங்கள் பெருகிவிட்டன, வேண்டியதைத் தேடி எடுக்க முடியவில்லை, மனித மனமோ அகராதி வரிசையில் நினைப்பதில்லை, ஒன்றைத் தொட்டு மற்றொன்றாக நினைக்கிறது என்றார். ஆகவே ஒரு மேஜை வேண்டும். அதற்குள் மைக்ரோ ஃபிலிமில் நூலகமே இருக்க வேண்டும். ஒரு பக்கத்தை இன்னொன்றோடு முடிந்து வைத்துப் பாதை போட வேண்டும். அந்த மேஜைக்கு அவர் 'மெமெக்ஸ்' என்று பெயரும் வைத்தார். யாரும் அதைச் செய்யவில்லை. ஆனாலும் கட்டுரை வீண் போகவில்லை. மாதப் பத்திரிகைக் கட்டுரை எழுதிப் பிழைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இதில் ஓர் ஆறுதல்!

1965-ல் டெட் நெல்சன் என்பவர் 'ஹைபர்டெக்ஸ்ட்' என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்தார். 1968 டிசம்பர் 9-ந் தேதி ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் 90 நிமிஷம் மேடையில் உட்கார்ந்து, கையில் 'மவுஸ்' என்ற சிறு பெட்டியுடன், திரையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக் காட்டினார். இத்தனைக்கும் பிறகு ஸ்விட்ஸர்லாந்தில் ஜினீவா நகரத்துக்கு அருகே 'ஸெர்ன்' என்ற அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் மேலதிகாரிக்கு ஒரு யோசனை எழுதிக் கொடுத்தார். அங்கே வந்து போகும் விஞ்ஞானிகள் அநேகம். ஒருவர் ஊருக்குத் திரும்பினால் அவருக்குத் தெரிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும். அதைத் தடுக்க வேண்டும் என்பதே அவர் கவலை. மேலதிகாரி மைக் ஸெண்டால் அந்தக் காகிதத்தின் மேல், தெளிவில்லை, ஆனால் உற்சாகமூட்டுகிறது என்ற கருத்தில் ஒரு வரி கிறுக்கினார்.

தம் படைப்புக்கு 'மெஷ்', அதாவது வலை, என்று பெயரிடலாமா என்று பெர்னர்ஸ்-லீ யோசித்தார்; அது குப்பைக் குழப்பத்தைக் குறிக்கும் 'மெஸ்' போல ஒலித்தது. இன்னொரு பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் 'டிம்' என்று அவர் பெயரே வந்துவிட்டது. கூச்சப்பட்டு விட்டுவிட்டார். ஜி.எம்.எல். மூவரையும் இவரையும் ஒப்பிட்டுப் பாருங்கள்! 'ஸெர்வர்' என்று இன்று பெரிய கட்டடங்களில் வரிசை வரிசையாக நிற்கிறதே, அதில் இணையப் பக்கங்களுக்கான முதலாவது அவர் மேஜை மேல் இருந்த கறுப்புப் பெட்டி. யாரும் தெரியாமல் அணைத்துவிடக் கூடாதென்று அதன்மேல் சிவப்பு மையில் ஓர் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். 1993 ஏப்ரல் 30-ந் தேதி, இந்த ஏற்பாட்டை யார் வேண்டுமானாலும் இலவசமாக உபயோகிக்கலாம் என்று ஸெர்ன் எழுதிக் கொடுத்துவிட்டது. கோடி கோடியாகச் சம்பாதித்திருக்கக்கூடிய சொத்தை ஊர்ப் பொதுக் கிணறாக விட்டுக்கொடுத்த காரியம் அது.

ஆனால் பொதுக் கிணற்றுக்குக் காவல்காரன் இல்லை. நெல்சன் விரும்பிய இணைப்பு இருபுறமும் அறிந்தது. அது அறுந்து போகக் கூடாது என்பது அவர் பிடிவாதம். அதை முழுதாகச் செய்து முடிக்க முடியவில்லை. பெர்னர்ஸ்-லீயின் இணைப்பு ஒருவழிப் பாதை. யாரையும் கேட்காமல் யாரும் யாரையும் சுட்டலாம். அதனால்தான் அது இவ்வளவு வேகமாகப் பரவியது. அதனால்தான் இவ்வளவு சுலபமாக அறுந்தும் போகிறது. சுட்டிய வீடு இடிந்தது சுட்டினவனுக்குத் தெரியாது. போய்ப் பார்த்தால் '404' என்ற எண் வாசலில் நிற்கும். ஸெர்னில் அந்த எண்ணுள்ள அறை ஒன்று இருந்தது என்று ஒரு கதை உலவுகிறது. பெர்னர்ஸ்-லீயின் தோழர் ராபர்ட் கையோவே அதை மறுத்துவிட்டார். 4-ல் தொடங்கும் எண்கள் கேட்டவர் பக்கத்துப் பிழையைக் குறிப்பவை. வீட்டை இடித்தவனை விட்டுவிட்டுக் கதவைத் தட்டியவனைக் குற்றம் சொல்லும் வேடிக்கையைப் பாருங்கள்!

இந்த எண்ணை நான் சிரித்துக்கொண்டு மட்டும் பார்ப்பதில்லை. சில வருஷங்கள் என் கட்டுரைகளை வெளியிட்டு வந்த ஒரு தளம் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் மூடப்பட்டது. பதினோரு கட்டுரைகள், பதினொன்றுக்கும் 404. வாசகர் ஒருவர், தம் தகப்பனாரைப் பற்றி நான் எழுதியதுபோல் இருந்ததென்று அதில் ஒன்றைக் குறிப்பிட்டு, மறுபடி படிக்க வேண்டும், எங்கே கிடைக்கும் என்று கேட்டு எழுதினார். பழைய வாரப் பத்திரிகையானால் பழைய புத்தகக் கடையிலாவது, செல்லரித்தாவது, ஒரு பிரதி அகப்படும். இங்கே செல்லரிக்கக்கூட ஒன்றும் மிஞ்சுவதில்லை.

2009-ல் 'ஜியோஸிட்டீஸ்' என்ற தளத்தை அமெரிக்காவில் மூடியபோது, சாமானிய ஜனங்கள் தம் கையால் கட்டிய லட்சக்கணக்கான பக்கங்கள் அழியவிருந்தன. அவற்றில் கணிசமானவற்றைப் பிரதி எடுத்துக் காப்பாற்றியவர்களில் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் 1996-ல் ப்ரூஸ்டர் கேல் தொடங்கிய 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' ஒன்று. 'ஆர்க்கைவ்' என்ற சொல்லுக்கு மூலம் கிரேக்க நாட்டு அதிகாரியின் வீடு. பத்திரங்கள் அங்கே இருந்தன. ஆகவே அதிகாரமும் அங்கே இருந்தது. நினைவு யாரிடம் இருக்கிறதோ அவரிடமே அதிகாரம் என்பதை அந்தக் கிழச் சொல் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறது.

'கேஷ்' என்பது பிரெஞ்சில் ஒளித்து வைத்தல். வட அமெரிக்கக் காடுகளில் விலங்குத் தோல் தேடி அலைந்த வேட்டைக்காரர்கள் திரும்பி வரும்போது வேண்டுமென்று உணவைக் குழி தோண்டிப் புதைத்து வைப்பார்கள். அந்தக் குழிக்கு அந்தப் பெயர். 1960-களின் பிற்பகுதியில் ஐ.பி.எம்.மின் சஞ்சிகை ஆசிரியர் ஒருவர், பொறியாளர்கள் வைத்திருந்த வறண்ட பெயரை மாற்றி இதைக் கொடுத்தார். அடிக்கடி வேண்டியதைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பது அதன் வேலை. நீங்கள் அழித்த பக்கம் யாரோ ஒருவருடைய குழியில் இன்னும் இருக்கலாம்.

'குக்கீ' 1994-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் லூ மாண்டுல்லி செய்தது. ஸெர்வருக்கு ஞாபகசக்தி கிடையாது, ஒவ்வொரு முறை போகும்போதும், "நீங்கள் யார்?" என்றே கேட்கும். அப்படிப்பட்டவனிடம் கூடையில் சாமான் சேர்த்துக் கடை வாங்குவது எப்படி? ஆகவே நம்மிடமே ஒரு சிறு சீட்டைக் கொடுத்து வைத்து, அடுத்த முறை அதைக் காட்டச் சொன்னார்கள். நல்ல உபாயந்தான். ஆனால் விளம்பரக்காரர்கள் அதே சீட்டைக் கொண்டு நாம் எந்தெந்தக் கடை வாசலில் நின்றோம் என்று கணக்கு எடுக்கத் தொடங்கினார்கள். 2009-ல் ஐரோப்பியர்கள், நம் சம்மதம் கேட்க வேண்டுமென்று சட்டத்தைத் திருத்தினார்கள். அதன் பிறகு பிஸ்கோத்துக்குச் சம்மதமா என்று திரைகள் கேட்கின்றன. நாமும் அவசரத்தில் சரி என்று தலையாட்டுகிறோம். இனிப்பான பெயர் வைத்துக் கொடுத்தால் யார்தான் வேண்டாமென்பார்கள்?

இப்போது ஆரம்பத்தில் சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வரைவு நம்முடையது, வெளியிட்டது ஊருடையது. நாம் காக்க விரும்புவது 404 ஆகிப் போகிறது. அழிக்க விரும்புவது எந்தக் குழியிலோ கிடந்து, வேண்டாத நேரத்தில் வெளிவருகிறது. காவல்காரன் இல்லாத கிணற்றின் இரண்டு குணங்கள் இவை. ஒன்றுக்கு மாற்று, பிரதி எடுத்து வைப்பது. மற்றொன்றுக்கு மாற்று, பொத்தானை அழுத்துமுன் ஓர் இரவு தூங்கி எழுவது. இரண்டும் அச்சுக்கூடத்துக் காலத்திலும் பெரியவர்கள் சொன்ன புத்திமதிகள்தாம்.

எல்லாச் சொற்களோடும் சமாதானமாகிவிட்ட எனக்கு ஒன்றோடு மட்டும் இன்னும் மனத்தாங்கல் இருக்கிறது. அது 'கன்டென்ட்'. அதாவது, பாத்திரத்துக்குள் இருப்பது. 1996 ஜனவரியில் பில் கேட்ஸ், கன்டென்ட்தான் ராஜா என்று தலைப்பிட்டே ஒரு கட்டுரை எழுதினார். ராஜாவாகத்தான் முடிசூட்டினார்கள், ஆனால் இரங்கற்பாவும், ஊறுகாய் போடும் முறையும், சோப்பு விலையும், பத்து வருஷம் சுமந்து எழுதிய நாவலும் இப்போது ஒரே பெயரில் ஒரே பெட்டிக்குள் போகின்றன. பாத்திரம் செய்கிறவனுக்கு உள்ளே இருப்பது பாலா மோரா என்ற கவலை இல்லை. பாலைக் கறந்தவர்களும் குடிக்கிறவர்களும் அந்தக் கவலையைப் பட்டே ஆகவேண்டும். அவனுடைய பாத்திரத்தை நாம் கடன் வாங்கிக்கொள்ளலாம். சொல்லை மட்டும் அவனிடமே விட்டுவிட்டு, கதையைக் கதை என்றும் கட்டுரையைக் கட்டுரை என்றும் சொல்லிக்கொண்டிருப்போம்.